தார் சுற்றியவர்கள் பெயர் எங்கே?



நாலு நாளாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி. "அத்தை ஏன் ஒண்ணுமே சொல்லலை?" சொல்ல நிறைய இருந்ததால்தான் சொல்லவில்லை. கட்டைவிரல் படம் போட்டு முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். என் பழைய மாணவர்களில் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இது பொருந்தும். நீளமான பதிவு, காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

விவரம் தெரியாதவர்களுக்கு: என் அண்ணன் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுக் குறிஞ்சிப்பாடிக்கே திரும்பி வந்து, அங்கே இருக்கிற தறிக்காரர்களைச் சேர்த்துக் கைலியும் சேலையும் நெய்ய வைத்து இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறான். நல்ல காரியம். நானே முதல் ஆளாக நாலு கைலி வாங்கினேன். இப்போது விளம்பரப் பக்கத்துக்காக "எங்கள் குடும்பத் தொழிலின் வரலாறு" என்று ஒன்று எழுதி, எல்லாரும் படித்துச் சொல்லுங்கள் என்று அனுப்பியிருக்கிறான். அதில் கொள்ளுத்தாத்தா பெயர், தாத்தா பெயர், என் அப்பா பெயர், சித்தப்பா பெயர், என் அண்ணன் பெயர், கடைசியில் அவன் பெயர். ஐந்து தலைமுறை, ஆறு பெயர், ஆறும் ஆண்கள். பெண்களுக்கு ஒரே ஒரு வரி: "வீட்டுப் பெண்களும் உறுதுணையாக இருந்தார்கள்."

அந்த 'உறுதுணை' என்கிற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. அண்ணன் மகனோடு இல்லை.

தறியைப் பார்த்தே இராத மருமகள்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த உறுதுணை என்னவென்று சொல்கிறேன். நூல் சிட்டமாக வரும். சாயம் ஏறி வந்த சிட்டத்தை உதறி, சிக்கெடுத்து, சக்கரத்தில் மாட்டி, ராட்டையைச் சுற்றித் தார்க்குச்சியில் ஏற்ற வேண்டும். அந்தத் தார்தான் நாடாவுக்குள் போய் உட்காரும். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினால்தான் ஊடை விழும், துணி வளரும். ஒரு தார் தீர எத்தனை நிமிடம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? தறிக்காரர் கை வேகமாக இருந்தால் சில நிமிடம்தான். தீர்ந்ததும் அடுத்த தார் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி நிற்கும்.

கைலி என்றால் கட்டம். கட்டம் என்றால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி நாடா, தனித்தனித் தார். எந்த நிறம் எத்தனை தீரும், அடுத்து எது வேண்டும் என்று கணக்கு வைத்துச் சுற்ற வேண்டும். பச்சை நாலு இருக்கிறது, கருப்பு இரண்டுதான் இருக்கிறது என்று என் அம்மா அடுப்படியில் இருந்தபடியே சொல்வார். நான் 33 வருஷம் கணக்குப் பாடம் நடத்தினேன். மனக்கணக்கில் அம்மாவை மிஞ்சிய பிள்ளை என் வகுப்பில் நாலைந்து பேர்தான் தேறும்.

இதோடு போகவில்லை. விடிவதற்கு முன்னால் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, சோற்றுக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்த வேண்டும். கஞ்சி காய்ச்சியது யார்? பாவில் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிந்தது யார்? புதுப் பாவு வந்தால் பழைய பாவின் நுனியோடு ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழையை என் பாட்டி முறுக்கிப் பிணைத்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாட்டிக்குக் கண் மங்கிய பிறகும் அந்த வேலை போகவில்லை. விரலுக்குத்தான் கண் என்பார்.

இனிக் கணக்கு. நான் கணக்கு டீச்சர், விடமாட்டேன்.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. அப்பா ஒன்றில், சித்தப்பா ஒன்றில். ஆளுக்கு ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்றால் இரண்டு தறிக்கும் 18. அம்மா தார் சுற்றியது, கஞ்சி, மற்றது எல்லாம் சேர்த்து 5 மணி நேரம். சமையலும் தண்ணீர் எடுப்பதும் இதில் சேரவில்லை, அது வேறு கணக்கு. பாட்டி 3 மணி. நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் ஆளுக்கு ஒன்றரை, சேர்த்து 3. ஆக 11. மொத்தம் 29 மணி நேர உழைப்பில் 11 மணி நேரம் தறியில் உட்காராதவர்களுடையது. நூற்றுக்கு 38 பங்கு. நூற்றுக்கு 38 என்பது உறுதுணையா? பரீட்சையில் அது பாஸ் மார்க்குக்கு மேலே.

சனிக்கிழமை கூலி வரும். நூல் கொடுக்கிற முதலாளி வீட்டில் நோட்டு இருக்கும். நோட்டில் அப்பா பெயர், கைலி எண்ணிக்கை, முன்பணத்தில் பிடித்தது போக மீதி. 29 மணி நேரத்துக்குமான கூலி அந்த ஒரு கையில்தான் விழும். அப்பாவைக் குறை சொல்லவில்லை. பைசா குறையாமல் வீட்டில் கொண்டுவந்து வைத்த மனிதர் அவர். ஆனால் அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, முன்பணப் பாக்கி இவ்வளவு நிற்கிறது என்று ஆள் வந்தது. கேட்டது அம்மாவிடம். கூலி நோட்டில் ஒரு நாளும் ஏறாத அம்மா பெயர் பாக்கி என்றதும் ஞாபகம் வந்துவிட்டது. அந்தப் பாக்கியை என் முதல் இரண்டு வருஷச் சம்பளத்தில் அடைத்தோம். என் அண்ணனுக்கு இது தெரியும். அவன் மகனுக்குச் சொல்லியிருக்கமாட்டான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நெசவின் வரலாறு முழுக்க இப்படித்தான் போகிறது. கடலூரில் ஆங்கிலேயக் கம்பெனி 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் ஊர்கள் கம்பெனிக்கு என்று ஒப்பந்தம் என்பதைப் பழைய மாணவர்கள் வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். எதற்காக அந்தக் கோட்டை? துணிக்காக. நம் பக்கத்துத் தறிகளில் நெய்ததை வாங்கிக் கப்பல் ஏற்றுவதற்காக. வியாபாரிக்கு முன்பணம், வியாபாரி மூலமாக நெசவாளருக்கு முன்பணம். நான் மேலே சொன்ன சனிக்கிழமை நோட்டுக்கு அன்றைக்கே வயது இருநூறு முந்நூறு.

அப்போது ஆலை நூல் கிடையாது. ஒரு தறிக்குப் போதுமான நூல் வேண்டுமென்றால் பல ராட்டினங்கள் சுற்ற வேண்டும். சுற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். விதவைகள், வயதானவர்கள், காடு கழனி வேலை இல்லாத நாளில் விவசாயக் குடும்பத்துப் பெண்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலை நூல் வந்து இறங்கியபோது முதலில் வேலை போனது இவர்களுக்குத்தான். தறிக்காரர் அடிபட்டாலும் ஆலை நூலை வாங்கி நெய்து ஓரளவு தாக்குப்பிடித்தார். ராட்டினக்காரிக்கு மாற்று என்று எதுவும் இல்லை. "வெள்ளைக்காரன் நெசவை அழித்தான்" என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் தறியைப் பற்றியே பேசுவார்கள். ராட்டினத்தைப் பற்றி யோசித்த ஒரே பெரிய மனிதர் காந்தி. அவரையும் நாம் படமாக்கிச் சுவரில் மாட்டிவிட்டோம்.

நம் ஊர்ப் பெரிய ஜவுளிக் குடும்பங்களின் கதையையும் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் போத்தி மூப்பனார் தம் தறியில் நெய்த துணியை விற்கத் தொடங்கியது 1923. அதுதான் இன்றைய போத்தீஸின் தொடக்கம். காஞ்சிபுரத்து நல்லி சின்னசாமி செட்டி தியாகராய நகரில் கடை போட்டது 1928. இரண்டுமே பாராட்ட வேண்டிய உழைப்புதான், எனக்கு ஒரு குறையும் இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தறியை விட்டுக் கடைக்கு வந்தவர்களுக்குத்தான் வரலாறு என்று ஒன்று எழுதப்படுகிறது. கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. தறிவீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தார் சுற்றுகிற திண்ணைக்குக் கேட்கவே வேண்டாம்.

ஜப்பானில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஒரு கதை சொல்கிறார்கள். டொயோட்டா கார் தெரியும்தானே? அந்தக் குடும்பம் கார் செய்வதற்கு முன்னால் தறி செய்த குடும்பம். தச்சர் மகனான சாகிச்சி டொயோடா, தன் தாய் வீட்டில் தறியில் படும் பாட்டைப் பார்த்துத்தான் தறியைத் திருத்தக் கிளம்பினார் என்பது அவர்கள் குடும்ப வரலாற்றின் முதல் பக்கம். 1890இல் ஒரு கையால் இயக்குகிற மரத்தறியைச் செய்தார். 1924இல் தானே நாடா மாற்றிக்கொள்ளும் தானியங்கித் தறி வந்தது. அதன் உரிமையை 1929இல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றே விலைக்கு வாங்கியது. நமக்கு நூல் விற்ற நாட்டுக்கே தறி விற்ற மனிதர்! வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு அம்மாவை வைத்ததால் அந்தக் கம்பெனிக்கு எந்த நஷ்டமும் வரவில்லை என்பதை அண்ணன் மகன் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகள். டீச்சராக இதைச் சொல்லாமல் விட முடியாது.

1953இல் ராஜாஜி ஆட்சியில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு திட்டம் வந்தது. தினம் 3 மணி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளலாம். 'குலக்கல்வி' என்று அதற்குப் பெயர் வைத்து நாடே கொதித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். நல்லவேளை. கைவிடாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் ராட்டையோடுதான் இருந்திருப்பேன், உங்களுக்கு அல்ஜீப்ரா வேறு யாராவது நடத்தியிருப்பார்கள். ராஜாஜி கைத்தறிக்கு எதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். கைத்தறியை நேசிக்கிறவர்களே கைத்தறி வீட்டுப் பிள்ளையை மறந்துபோக முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

திட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பிள்ளைகளை வைத்துச் செய்யக்கூடாத வேலைகளின் பட்டியலில் நெசவும் சாயமும் இருந்தன. ஆனால் ஒரு விலக்கு: குடும்பத்தாரை வைத்துக் குடும்பத்தார் நடத்தும் பட்டறைக்கு அது பொருந்தாது. 2016இல் சட்டத்தைத் திருத்தி 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்றார்கள். அங்கேயும் விலக்கு: பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலுக்கு உதவலாம், ஆபத்தான வேலையாக இல்லாதவரை. அதாவது 'குடும்பம்' என்று சொல்லிவிட்டால் போதும், அது வேலை இல்லை, உதவி. பெண்கள் செய்தால் உறுதுணை, பிள்ளைகள் செய்தால் உதவி. வேலை என்ற பெயர் தறியில் உட்கார்ந்தவருக்கு மட்டும்.

என் முதல் பத்து வருஷப் பணி குறிஞ்சிப்பாடிப் பக்கம்தான். முதல் பீரியடில் தூங்கி விழுகிற பிள்ளையை நான் அடித்ததில்லை. விரலைப் பார்ப்பேன். ஆள்காட்டி விரலில் நூல் வரிவரியாக அறுத்திருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அண்ணனுக்கோ அப்பாவுக்கோ தார் சுற்றிவிட்டு வந்த பிள்ளை. அப்படி வந்த பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆண் பிள்ளைகளில் கொஞ்சம் பேர் தாண்டினார்கள். ஏன் என்று கேட்டால் வீட்டில் சொல்வது ஒரே பதில்: "இவ போயிட்டா தார் யாரு சுத்துறது டீச்சர்?" இந்தப் பதிவைப் படிக்கிற சிலர் அந்த வகுப்பில் இருந்தவர்கள். உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

அண்ணன் மகன் போனில் என்னிடம் சொன்னது: "அத்தை, அந்தக் காலத்துல எந்த வீட்டுலதான் பொம்பளைங்களுக்குக் கூலி குடுத்தாங்க? இப்ப எழுதி என்ன ஆகப்போகுது?" நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

அந்தக் காலத்துக்கு நான் கூலி கேட்கவில்லை. ஆனால் அவன் விற்பது அந்தக் காலத்தைத்தானே? "நாலு தலைமுறைக் கைப்பக்குவம்" என்று போட்டால் கைலிக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. பழைய கதைக்கு இன்றைக்கு விலை உண்டென்றால், கதையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் அதில் இடம் உண்டு. பாட்டி விரலின் கைப்பக்குவம் இல்லாமல் எந்தத் தலைமுறைக் கைப்பக்குவம்?

இன்னொன்று, நான் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து பார்த்தது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை பார்த்தார். மாதா மாதம் சம்பளச் சீட்டு வரும். அதில் அவர் பெயர், எண், பிடித்தம், வைப்புநிதி எல்லாம் இருக்கும். ஓய்வு பெறும்போது பணிக்கொடை, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று சட்டம். அவரோடு வேலை பார்த்தவருக்கும் தனிச் சீட்டு. இரண்டு பேர் சேர்ந்து ஓட்டிய எந்திரத்துக்கு ஒரே சீட்டு, ஒருவர் பெயர் என்று யாராவது சொல்லியிருந்தால் மறுநாள் ஆர்ச் கேட் முன்னால் கொடி பிடித்திருப்பார்கள். (ஒப்பந்தத் தொழிலாளர்கள் கதை வேறு, அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.) அங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் என் பிறந்த வீடு. அங்கே அம்மா எழுபது வயதிலும் தார் சுற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. பதிவேட்டில் சேராதவருக்கு ஓய்வு எங்கிருந்து வரும்?

2019-20இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நெய்பவர்களையும் துணை வேலை செய்பவர்களையும் தனித்தனியாக எண்ணியது. மொத்தம் 35 லட்சத்துக்கும் மேல், அதில் 8 லட்சத்துக்கும் மேல் துணை வேலைக்காரர்கள். பாவு, தார் வேலை செய்கிறவர்கள் எல்லாம் அதில்தான் வருகிறார்கள். அரசாங்கமே எண்ணிவிட்டது. குடும்ப வரலாறு எண்ணாமல் இருக்கலாமா?

ஆகவே என் கருத்து, அண்ணன் மகனுக்கும் அவனைப் போல ஊருக்குத் திரும்பி இந்தத் தொழிலில் இறங்குகிற மற்றப் பிள்ளைகளுக்கும். பெயர் போடுவது சுலபமான பாதி. சுலபமில்லாத பாதி கூலிச் சீட்டு. இப்போது கைலிக்கு இவ்வளவு என்று தறிக்காரர் கணக்கில் பணம் போடுகிறாய் அல்லவா? அதை இரண்டாகப் பிரி. நெசவுக் கூலி ஒரு வரி. தார், பாவு வேலைக்கான கூலி இன்னொரு வரி. இரண்டாவது வரி அந்த வேலையைச் செய்கிற பெண்ணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகட்டும். பிரிக்கிறேன் என்று சொல்லி நெசவுக் கூலியைக் குறைக்காதே, அது வீட்டுக்குள் சண்டையைத்தான் மூட்டும். மேலே கூட்டு. விலை ஏறும் என்கிறாய். ஏறட்டும். கட்டுப்படியாகாது என்றால் கைப்பக்குவ வசனத்தை எடுத்துவிட்டு விசைத்தறிக் கைலி விலைக்கே விற்றுப் பார். கைலியைக் கைத்தறிக்கு ஒதுக்கி 1985இலேயே சட்டம் போட்டும் சந்தையில் விசைத்தறிக் கைலிதான் கொட்டிக் கிடக்கிறது என்பது உனக்கே தெரியும். நீ அவர்களோடு விலையில் போட்டி போட முடியாது. உன்னிடம் இருப்பது கதைதான். கதை முழுசாக இருக்கட்டும்.

பெரியம்மா வீட்டு அக்கா ஒருவர் கேட்டார், "பொம்பளைங்க கையில தனியா காசு வந்தா வீட்டுல மரியாதை குறையாதா?" யார் மரியாதை என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

முகவுரை எழுதித் தரச் சொல்லி அண்ணன் மகன் கேட்டிருக்கிறான். எழுதுவேன். அந்தச் சீட்டின் இரண்டாவது வரியைப் போனில் படம் பிடித்து அனுப்பிய மறுநாள் எழுதித் தருவேன்.

அதற்குள் உறவுகள் ஒரு உதவி செய்ய வேண்டும். அம்மா, பாட்டி, சித்தி, அக்கா, இரண்டு அத்தைகள் என்று ஒரு பட்டியல் எழுதிக் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறேன். பொது இடம் என்பதால் பெயர்களை இங்கே எழுதவில்லை. பட்டியலில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் பெயர். எல்லாரும் "தெற்குத் தெரு ஆயா" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். பத்திரத்தில் இல்லை, கோயில் கல்வெட்டில் கொள்ளுத்தாத்தா பெயர் மட்டும் இருக்கிறது. வடலூர் பெரியப்பா வழியில் யாரிடமாவது பழைய ஜாதகக் கட்டோ கல்யாணப் பத்திரிகையோ இருந்தால் தேடிப் பாருங்கள். தை மாதம் அச்சுக்குப் போகிறது என்கிறான்.